இருநூத்தி இருபத்திரெண்டு போட்ட வாத்தியாரு

ஏழு கோலுக்கே மாலையும் வேட்டுமா? நல்லாருக்கு மருமவனே, ஆடு. கொட்டுக்காரனுக்குக் கூலி குடுத்து அனுப்பிட்டு இந்த மாமன் சொல்லுத கதையக் கேட்டுட்டுப் போ. அமெரிக்காக்காரன் கதைதான்.

அங்க கால்பந்துன்னா காலுக்கு வேலை கொஞ்சம். பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, குறுக்க நிக்கவன இடிச்சுத் தள்ளிட்டு ஓடணும். 1916-ல அட்லாண்டாவுல ஜார்ஜியா டெக் காலேஜுக்குப் பயிற்சியாளரு ஜான் ஹைஸ்மன். இன்னைக்கும் அங்க சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்குக் குடுக்க பரிசு இவரு பேர்லதான். பெரிய மனுசன். பெரிய மனுசனுக்கு வைராக்கியமும் பெருசு. அந்த வருசம் பேஸ்பால்ல கம்பர்லாண்டு காலேஜ்காரனுவ இவரு பயலுவள 22-0ன்னு உரிச்சுட்டானுவ. சம்பளத்துக்கு ஆடுத ஆளுவள மாணவன்னு நிறுத்திட்டானுவன்னு இவருக்கு வயித்தெரிச்சல்.

கம்பர்லாண்டுல கால்பந்து அணியையே கலைச்சாச்சு. ஆனா டெக்கோட ஆடுததா முன்னமே கையெழுத்து. வராட்டா 3000 டாலர் தண்டம். வந்தா 500 டாலர் செலவுக்கு. மாணவ மேனேஜரு ஜார்ஜ் ஆலன் கையில ஆம்புட்ட பயலுவளத் திரட்டி, டென்னசியிலேருந்து கெளம்பி வந்துட்டான். சட்டம் படிக்கிற பயலுவ அதுல உண்டு. தண்டம்னா என்னன்னு அவனுவளுக்கு நீயும் நானுமா சொல்லித் தரணும்?

அக்டோபர் 7. முதல் கால்பங்குலயே 63. பாதி ஆட்டத்துல 126. இடைவேளையில ஹைஸ்மன் தம் பயலுவகிட்ட, எதிராளி என்னத்த ஒளிச்சு வச்சிருக்கானோ, அசந்துராதீங்கன்னு எச்சரிச்சாருன்னு ஒரு பேச்சு. ஒளிச்சு வைக்க அவனுவகிட்ட என்ன இருந்துச்சு, ரயில் டிக்கெட்டுதான். பிற்பாதி நேரத்தைக் குறைச்சுங்கூட ஆட்டம் முடியையில 222-0. பேஸ்பால்ல வாங்கின 22-க்கு முன்னால இன்னொரு 2 சேர்த்து, வட்டியும் முதலுமாத் தீர்த்துட்டாரு.

கூத்து என்னன்னா, நாலு தடவைக்குள்ள பத்து கஜம் நகர்ந்தா மறுபடி நாலு வாய்ப்பு உண்டு. அன்னைக்கு ரெண்டு அணியுமே அத ஒருக்காகூட வாங்கல. கம்பர்லாண்டால பத்து கஜம் போக முடியல. டெக்குக்கு அது தேவையே படல, அதுக்குள்ள கோட்டைத் தாண்டிருவானுவ.

பழி வாங்கத்தான் ஆடினீரான்னு கேட்டா மனுசன் ஒத்துக்கிடுவாரா? பத்திரிகைக்காரனுவ மொத்தப் புள்ளியக் கூட்டி அணிக்குத் தரம் போடுதானுவ, அது வெத்துக் கணக்குன்னு காட்டத்தான் இதுன்னு ஒரு சமாதானம். காட்டவும் செஞ்சாரு, பாவம். மறுவாரம் டேவிட்சனோட 9-0. அதுக்கு மறுவாரம் நார்த் கரோலினாவ 10-6ன்னு தப்பிச்சு வந்தாவ. அடுத்து வாஷிங்டன் அண்ட் லீகூட 7-7, சமம்! சீசன்ல ஒம்போது ஆட்டம், எட்டு ஜெயம், தோல்வியே கெடையாது. மொத்தம் 421 புள்ளி. அதுல பாதிக்கு மேல ஒரே மத்தியானத்துல பொறுக்கினது. ஆபர்ன், அலபாமா, ஜார்ஜியான்னு நெசமான எதிராளியளத் தோக்கடிச்சத இன்னைக்கு எவம் பேசுதான்? கையில ஆம்புட்டுக் கூட்டி வந்த பயலுவகிட்ட வாங்கின 222-தான் நிக்கி.

நீ ஹைஸ்மனக் கும்பிட்டுக்கோ, நான் குறுக்க நிக்கல. எனக்கு அந்த ஆலன்தான் கெட்டிக்காரன். 222-அ முதுகுல வாங்கிக்கிட்டு 3000 டாலரக் காப்பாத்தினவன் அவன். ஆட வாரேன்னு வாக்குக் குடுத்தா நீயும் போயிரு மருமவனே. தோத்தாலும் சரி, வழிச்செலவை எண்ணி வாங்காம ஊருக்குள்ள வந்துராத.