கிழச்சிங்கங்களின் கையெழுத்து

ஓய்வு பெற்ற கோல்ஃப் வீரர்களிடம் கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. இதில் உள்ள பெரிய சிக்கல், கோல்ஃப் வீரர்கள் ஓய்வே பெறுவதில்லை என்பதுதான். நம்மூர் அரசு ஊழியரை 60 வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் கோல்ஃப் ஆடுபவருக்கு 50 வயதானால் பிஜிஏ டூர் சாம்பியன்ஸ் என்று தனிப் பந்தயமே காத்திருக்கிறது. அதையும் முடித்த பிறகாவது வீட்டில் இருப்பார்களா? ஜாக் நிக்லஸ், கேரி பிளேயர், டாம் வாட்சன் மூவரும் ஏப்ரல் மாதம் ஆகஸ்டாவில் காலையிலேயே ஆஜராகி, ஆளுக்கு ஒரு பந்தை அடித்து மாஸ்டர்ஸ் போட்டியைத் தொடங்கி வைக்கிறார்கள். பிளேயர் 1935-ல் பிறந்தவர். பந்தை அடித்துவிட்டுக் காலை வேறு உயரத் தூக்கிக் காட்டுவார். எனக்கு அட்லாண்டா வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

நான் தபால் கட்சி. 1981-ல் டான்ரஸ் நிறுவனம் வெளியிட்ட கோல்ஃப் வீரர் பட அட்டை ஒன்று, புகழ்ந்து ஒரு கடிதம், திருப்பி அனுப்ப என் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை. "ஏங்க, நம்ம கல்யாணப் பத்திரிகையைக்கூட நீங்க இவ்வளவு அக்கறையா அனுப்பலையே" என்பாள் மனைவி. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டிவிட்டு, "வித்தா என்ன வரும் மாப்பிள்ளை?" என்றார். பெரும்பாலானவற்றுக்கு ஸ்டாம்ப் செலவுகூடத் தேறாது. அதை அவரிடம் சொல்லவில்லை, பெண் கொடுத்தவர்.

இளம் வீரர்களைத் தேடி நான் போவதில்லை. அவர்கள் போடுவது கையெழுத்தல்ல, இசிஜி. பழைய ஆட்கள் எழுத்து எழுத்தாக எழுதுவார்கள். ஆர்னால்ட் பாமர் இதில் வாத்தியார். ரசிகன் வாசிக்கும்படி கையெழுத்துப் போட வேண்டும் என்று இளையவர்களுக்குப் பாடமே எடுத்தவர். 2016-ல் மறையும்வரை அவர் போட்டுக் குவித்ததால் அவர் கையெழுத்து கிடைப்பது எளிது. அரிதாக இருப்பதுதான் உசத்தி என்று நினைக்கும் சேகரிப்பாளர்களுக்கு இது பெரிய குறை.

கையெழுத்துக்காகவே ஒருவர் தோற்ற விளையாட்டு வேறு ஏதாவது உண்டா? 1968 மாஸ்டர்ஸின் கடைசி நாள், ஏப்ரல் 14. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-வது பிறந்த நாள். கோல்ஃபில் நம் அடிக் கணக்கை நம்மோடு ஆடுபவர் எழுதுவார். நாம் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதினேழாவது குழியை டி விசென்சோ மூன்றே அடியில் முடித்தார். கூட ஆடிய டாமி ஆரன் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஊரே பார்த்த மூன்று, காகிதத்தில் நான்காகி, 65 என்பது 66 ஆனது. அடித்ததைவிட அதிகமாக எழுதிக் கையெழுத்திட்டால் அதுவே செல்லும் என்பது விதி. பாப் கோல்பியோடு சமநிலைக்கு வந்து மறுநாள் மீண்டும் மோத வேண்டியவர், ஒரே அடியில் இரண்டாம் இடத்துக்குப் போனார். நம்மூர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்தில்கூட இதைவிடக் கருணை உண்டு.

ஐந்து வருடம் கழித்து, 1973-ல் அதே மாஸ்டர்ஸில் டாமி ஆரன் ஜெயித்தார். கடைசி நாள் பதின்மூன்றாவது குழியில் அவர் அடித்தது நான்கு. கூட ஆடிய ஜானி மில்லர் எழுதியது ஐந்து. ஆரன் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். பட்டவரைப் பார்த்தே பாடம் படித்தவர்!

இப்போது ஆரனுக்குத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1973-ஐப் பற்றி இரண்டு பக்கம் உருகியிருக்கிறேன். 1968 பற்றி மூச்சு விடவில்லை. மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கீழே கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு நம்பர் சரியான்னு ஒரு தடவை பாத்துக்குங்க" என்றாள்.