சவரக்கல் தேர்வு: ஒரு முகவுரை

மடக்குச் சவரக் கத்திக்கு எந்த இயற்கைக் கல்லில் பதம் பிடிப்பது என்னும் வினா, ஒரே கல் வைத்திருப்பவனுக்கு எழுவதில்லை. அவன் தீட்டுகிறான், சிரைக்கிறான், வேலைக்குப் போகிறான். இரண்டாவது கல் வீட்டுக்குள் நுழையும் நாளில்தான் ஆய்வுத்துறை பிறக்கிறது. இக்கட்டுரையாளரிடம் தற்போது நான்கு கற்களும் பத்து நாள் தாடியும் உள்ளன.

முன்னோர் கருத்தை முதலில் நோக்குவோம். ரோமானிய அறிஞர் பிளினி, முதலாம் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலின் 36ஆம் பகுதியிலேயே தீட்டுக்கல்லுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். எண்ணெயில் தீட்டுவன, நீரில் தீட்டுவன என்று சொல்லிவந்தவர், முடிதிருத்தகங்களில் மனித எச்சிலில் வேலை செய்யும் கல்லும் உண்டு என்கிறார். அது கடைக்காரர் எச்சிலா, வாடிக்கையாளர் எச்சிலா? கடைக்காரருடையதே என்பது எம் துணிபு. என்னை? கழுத்தில் கத்தி வைக்கப்பட்டவனுக்கு நாக்கு உலர்ந்துபோயிருக்கும்.

செயற்கைக் கல்லில் 1000, 8000 என்று எண் போட்டிருக்கிறது. எண் இருக்கும் இடத்தில் சர்ச்சைக்கு வேலையில்லை. இயற்கைக் கல்லுக்கு ஊர் உண்டு, நிறம் உண்டு, விற்றவர் வாய்ச்சொல் உண்டு, எண் கிடையாது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் கல்லைப் புவியியலார் நொவாகுலைட் என்பர். லத்தீனில் நொவாகுலா என்றாலே சவரக் கத்தி. கத்தியின் பெயரைப் பாறைக்கே வைத்துவிட்டார்கள். ஆனால் பாறைக்கு அந்த அவசரம் இல்லை, மெதுவாகத்தான் அரிக்கும். ஜெர்மனியின் தூரிங்கியா கல் சிலேட்டு வகை. எஷர் நிறுவனத்தின் பழைய கற்களில் நிறத்தைச் சொல்லும் தாள் ஒட்டியிருக்கும். தாளோடு இருந்தால் விலை கூடுதல். தாள் நனைந்துவிடுமே என்று எம்மிடம் உள்ளதில் இன்றுவரை ஒரு சொட்டு நீர் படவில்லை. ஆகவே அதன் தரம் பற்றி எவரும் எம்மைக் குறைசொல்ல முடியாது. கியோட்டோவின் நாகயாமா கல்லை வாங்கிய விலை வீட்டில் தெரியாது. இவ்விடத்தில் இதற்குமேல் எழுதுவது முறையன்று.

ஆய்வின் உயிர்நாடி பெல்ஜியத்து ஆர்டென் மலைப்பகுதியின் மஞ்சள் கல். கொட்டிக்யூல் என்பது பெயர். லத்தீன் மூலச்சொல்லைப் பிளினி பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல்லுக்கும் ஆள்கிறார். கல்லின் விலையைக் கேட்டவர்க்குப் பெயர்ப்பொருத்தம் உடனே விளங்கும். அப்பிரகத்தின் நடுவே மைக்ரான் அளவில் ஸ்பெஸ்ஸார்ட்டீன் மணிகள் பொதிந்திருப்பதே இதன் இரகசியம். அவை நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகத்தின் பங்காளிகள். கோமேதகம் ராகுவுக்கு உரியது என்பர். தாடையில் இரத்தம் வரும் காலைகளில் அதுவும் ஆராயத்தக்கது.

செய்முறை வருமாறு. கல்லின் மேல் சில சொட்டு நீர் விட்டு, அதே இனச் சிறுகல்லால் தேய்த்தால் வெள்ளைக் குழம்பு எழும். கத்தியின் முதுகும் கூரும் ஒருசேரப் படியும்படி கிடத்தி, கூர் முன்னே செல்லத் தள்ளவேண்டும். எஃகு கரையக் கரையக் குழம்பு சாம்பல் நிறமாகும். பிறகு விரல் நுனியால் ஒரு சொட்டு நீர், சில தள்ளல், இன்னும் ஒரு சொட்டு. இந்த நீர்மையை அளக்க மேலைநாட்டார்க்கு அலகு இல்லை. எமக்கு உண்டு: பால், மோர், நீர்மோர், தேர்த்திருவிழாப் பந்தல் நீர்மோர். பந்தல் மோரையும் தாண்டி வெறும் நீராக முடியவேண்டும். மோரிலிருந்து நேரே பந்தலுக்குத் தாவினால் கூர் பாதியில் நின்றுவிடும். மோரிலேயே நின்றாலும் குழம்பே கூரை மழுக்கும். ஒரு சுற்றுக்கு எமக்கு முக்கால் மணி நேரம். எதிர்த்த கடைக்காரரிடம் இதை விளக்கியபோது, "பிளேடைப் பாதியா ஒடிச்சு மாட்டினா முடிஞ்சுது சார்" என்றார். எதிர்க்கருத்தைப் பதிவுசெய்வது ஆய்வறம் என்பதால் இங்கே தருகிறோம்.

இனிச் சோதனை. ஒற்றைத் தலைமுடியை நுனிவிரலில் பிடித்துக் கூரின் மேல் மெல்ல இறக்கினால், அது சத்தமின்றி அற்று விழவேண்டும். வேர்ப்பக்கம் பிடித்தால் ஒரு விடை, நுனிப்பக்கம் பிடித்தால் வேறு விடை. முடியின் மேல் ஓடும் செதில்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதே காரணம். மெல்லிய முடி ஏமாற்றும். சீப்பில் சிக்கியது எண்ணெய்ப்பிசுக்கில் வழுக்கும். குளித்து உலர்ந்த, நீண்ட, தடித்த முடியே ஏற்புடைய மாதிரி. இக்கட்டுரையாளரின் தலையில் அது கையிருப்பில் இல்லை. மனைவியிடம் இருந்தது; மூன்றாம் கல்லோடு அனுமதி ரத்தானது. மகள் முதல் இரு வாரங்கள் ஒத்துழைத்தாள். இப்போது கல் வைத்திருக்கும் தகர டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் கொண்டை போட்டுக்கொள்கிறாள்.