ரவிவர்மா சம்பந்தப்பட்ட வீடு

பழைய வீட்டை ஓட்டலாக்குகிறவர்களுக்கு ஒரு பெரிய மனிதர் தேவைப்படுகிறார். காந்தி ஒரு ராத்திரியாவது அங்கே படுத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ராஜா ரவிவர்மா. செட்டிநாட்டில் நாங்கள் தங்கிய பங்களாவுக்கு வாய்த்தவர் ரவிவர்மா.

“இங்கே வந்து தங்கினாரா?” என்று கேட்டேன்.

“அவர் வரலைங்க மேடம். படம் வந்துச்சு” என்றார் மேலாளர்.

பர்மாத் தேக்குத் தூண்; சாயக் கூடாது. ஊஞ்சல், ஆடக் கூடாது. கட்டிலில் ஏற முக்காலி கொடுத்தார்கள். இறங்குவது அவரவர் சாமர்த்தியம். “சொந்த வீட்டைப் பூட்டிட்டு அடுத்தவன் வீட்டுல காசு குடுத்துப் படுக்கணுமா?” என்று கள்ளக்குறிச்சியிலேயே முனகிய என் மாமியார், கூடத்து மகாலட்சுமி படத்தின் முன் மட்டும் நின்றுவிட்டார். ரவிவர்மா அச்சுப் படம். அதன்மேல் நிஜத் துணியும் ஜரிகையும் வைத்துப் புடவை கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்துச் செட்டிநாட்டு வீடுகளில் அது வழக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேலாளரின் அலறலில் விழித்தேன். படத்தின் கண்ணாடியில் சந்தனம், குங்குமம். சட்டத்தில் மல்லிகைச் சரம். எதிரே கற்பூரத் தட்டோடு அத்தை.

“அம்மா, இது கலைப்பொருள்! நூறு வருஷப் பழசு!”

“நூறு வருஷமா பொட்டு வைக்காமயா வெச்சிருக்கீங்க? அதான் வீட்டை வாடகைக்கு விடுற நிலைமை.”

ரவிவர்மா இருந்திருந்தால் அத்தைக்குத்தான் சாட்சி சொல்லியிருப்பார். அரண்மனைச் சுவர்களில் இருந்த தெய்வங்களைச் சாதாரண வீட்டுச் சாமி மாடத்துக்கு அனுப்பத்தானே 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார்? நிறத்துக்கொரு கல் வைத்து அச்சடித்துக் கடனில் மூழ்கி, கடைசியில் அச்சகத்தை ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கே விற்றார். லட்சுமியை அச்சடித்தவரிடம் லட்சுமி தங்கவில்லை. எங்கள் கச்சிராயபாளையம் வரை மட்டும் வந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் அத்தை கணக்குப் போட ஆரம்பித்தார். “கல்வராயன் மலைக்குப் போறவங்க நம்ம வீட்டைத் தாண்டித்தானே போகணும்? கோமுகி அணைக் காத்து வேற. நம்ம சுவத்துலயும் இதே லட்சுமி. ராத்திரிக்கு ரெண்டாயிரம் கேக்கலாமா?”

“அது அரிசி மண்டிக் காலண்டர் அத்தை. அதுவும் போன வருஷத்துது.”

“பழசுக்குத்தானேம்மா அவன் காசு வாங்குறான்?”