யானைப் படம் எடுக்கப் போறியாக்கும்?

ஏலே பேராண்டி, அந்த லேப்டாப்ப மூடி வச்சிட்டு இப்படித் திண்ணையில வந்து உக்காரு. குழந்தைக் கதை ஒண்ணக் கார்ட்டூன் படமா எடுக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியாமே? நல்ல காரியம். ரெண்டரை மணி நேரம் ஓடுமாம், ஏழு பாட்டாம், கதாநாயகன் யானைக்குட்டியாம், அது துதிக்கையத் தூக்கிக்கிட்டுப் பஞ்ச் வசனம் பேசுமாம். இதுக்குக் கெணத்து மேட்டு வயல அடகு வைக்கணுமாம், அதுல தாத்தா கையெழுத்துப் போடணுமாம். போடுதேன்ல, மாட்டேன்னா சொன்னேன்? கண்ணாடியத்தான் எங்கயோ வச்சிட்டேன். உங்க ஆச்சி அதத் தேடி எடுத்துட்டு வாரதுக்குள்ள ரெண்டு யோசனை சொல்லுதேன், கேட்டுக்க. டூரிங் கொட்டகையில ஆபரேட்டரா இருந்து கார்பன் குச்சி எரிச்சவன் நான். ஒரு படம் எப்படி ஓடாதுன்னு என்னவிடத் தெரிஞ்சவன் இந்தச் சுத்துப்பட்டியிலேயே கெடையாது.

யானைக்குட்டிப் படம்னா அமெரிக்காவுல வால்ட் டிஸ்னி 1941-ல விட்ட ‘டம்போ’ இருக்கு. உன் போன்லயே பாத்தேன், நீ தூங்குனப்புறம். காது பெருசாப் பொறந்த சர்க்கஸ் யானைக்குட்டி, ஊரே கேலி பண்ணுது, கடைசியில அந்தக் காதாலேயே பறக்குது. அம்புட்டுத்தான் கதை. அந்தப் படத்த எடுத்த வழியிலேயே நீயும் போ. அதுக்கு மொதல்ல செய்ய வேண்டியது என்ன தெரியுமா? ரெண்டு படத்தக் கவுக்கணும்.

சிரிக்காத. அந்த மனுசன் 1937-ல ‘ஸ்னோ ஒயிட்’ எடுத்து அள்ளுனாரு. அந்தத் துட்டுல பர்பேங்க்ல அரமன மாதிரி ஸ்டூடியோ எழும்புச்சு. அடுத்தது ‘பினாக்கியோ’, செலவு சுமார் 26 லட்சம் டாலர். அதுக்கடுத்தது ‘ஃபேன்டேசியா’, அதுக்கும் 20 லட்சத்துக்கு மேல. ரெண்டும் 1940-லயே வந்துச்சு. வேலைப்பாடுன்னா அப்படி ஒரு வேலைப்பாடு, நான் குத்தமே சொல்ல மாட்டேன். ஆனா ஐரோப்பாவுல ஹிட்லர் சண்டையத் தொடங்கிட்டான். அந்தப் பக்கத்துக் கொட்டகை வசூல் பூராவும் நின்னு போச்சு. போட்ட மொதல் திரும்பல, பாங்குக்காரன் வாசல்ல நிக்கான். அந்த வருசமே கம்பெனிப் பங்குகள வெளியார்கிட்ட வித்தாரு. கையில காசு இருந்தவரைக்கும் திமிங்கலத்தையும் கடலையும் வரஞ்ச மனுசன், காசு போனப்புறம்தான் சட்டுனு முடியுற மாதிரி சின்னக் கதை ஏதும் இருக்கான்னு பீரோவத் தொறந்து பாத்திருக்காரு. உனக்கு அந்தக் கஷ்டமே இல்ல பாரு, தொடங்கும்போதே கடன்ல தொடங்குத. அந்த வகையில டிஸ்னிய விட ரெண்டு படம் முன்னால நிக்க நீ.

இப்ப கதைக்கு வாரேன். நீ வச்சிருக்கியே ராசா, அரசாங்கம், ஏழு தலைமுறைப் பகைன்னு ஒரு கதை, அத உம் மவனுக்குச் சொன்னா மூணாம் தலைமுறையிலேயே தூங்கிருவான். டம்போ கதை ஹெலன் ஆபர்சன்னு ஒரு பொம்பள, தன் வீட்டுக்காரர் ஹெரால்ட் பேர்லோட சேந்து எழுதுனது. பக்கம் பொரட்டுற புத்தகமாக்கூட அத நெனைக்கல. ரோல் அ புக்னு ஒரு பொம்மைச் சாமான், பொட்டிக்குள்ள காயிதச் சுருளு இருக்கும், பக்கத்துக் குமிழத் திருகுனா படமும் கதையும் ஒவ்வொண்ணா நகந்து வரும். அதுக்குன்னு எழுதுன துண்டுக் கதை. அத 1939-ல டிஸ்னி வாங்குனாரு. கதை ரொம்பச் சின்னதா இருந்ததால எதையும் வெட்ட வேண்டிய வேலையே இல்ல. சேத்தாப் போதும். உன் கதையில என்னத்த வெட்டுததுன்னு பாக்கதுக்கே ஒரு ஆள் வைக்கணும்.

சேத்தவனுங்க ரெண்டு பேரு, ஜோ கிராண்டும் டிக் ஹியூமரும். ரெண்டும் பொல்லாத ஆளுங்க. முதலாளிக்கு அந்தக் கதையில பெருசா பிடிப்பு இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். முழுக் கதையையும் கொண்டு போய் மேசையில போட்டா அது அங்கயே கெடந்து தூசி அடையும். அதனால 102 பக்கத்துக்குக் கதைய அத்தியாயம் அத்தியாயமா பிரிச்சு, தொடர்கதைக் கணக்கா, கொஞ்சம் கொஞ்சமா நீட்டிருக்காங்க. ஒண்ணப் படிச்சவரு அடுத்தது எங்கன்னு கேட்டு வந்துட்டாரு. நீ மொத்தக் கதையையும் எனக்கு ஒரே ராத்திரியில சொன்ன பாரு, அங்கதான் தப்புப் பண்ணிட்ட. எடைவேளைக்கு முன்னால நிறுத்தியிருந்தா இந்நேரம் கண்ணாடி கெடச்சிருக்கும்.

அவனுங்க கெட்டிக்காரத்தனத்துக்கு இன்னொண்ணு சொல்லுதேன். மூலக் கதையில குட்டிக்குத் துணையா வாரது ராபின்னு ஒரு குருவி. இவனுங்க அதத் தூக்கிட்டு டிமதின்னு ஒரு எலியக் கொண்டாந்தானுங்க. ஏன்னு கேளு. குட்டியக் கேலி பண்ணுறது யாரு? கொழுத்த யானைப் பொம்பளைங்க நாலு பேரு, புறணி பேசிக்கிட்டு நிக்கிறவளுங்க. யானை எலியக் கண்டா அலறும்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு. கால் கட்டைவிரல் அளவு இருக்க பய ஒருத்தன் வந்து ‘பூ’ன்னதும் அந்த நாலு மலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி விழுது. ஒரு ஆள மாத்துனதுல சிரிப்பும் வந்துச்சு, குட்டிக்கு நாயமும் கெடச்சுது. உன் கதையில நாயகனுக்கு எத்தன நண்பனுங்கன்னு சொன்ன? ஆறா? சரி, பந்திக்கு ஆள் தட்டுப்பாடு வராது.

வசனத்துக்கு வா. உன் யானை படம் பூரா பேசுதில்லா? டம்போ படம் பூரா ஒரு வார்த்தை பேசாது. ஒண்ணுகூடக் கெடையாது. பேசுறதெல்லாம் எலிதான், எட்வர்ட் பிராஃபின்னு ஒருத்தர் குரல். ஆத்தாக்காரி மொத்தப் படத்துக்கும் சேத்து ஒரே ஒரு தடவ வாயத் தொறப்பா, அதுவும் புள்ளைக்கு என்ன பேருன்னு கேக்கும்போது. இதுல ஒரு வேடிக்க இருக்கு. அந்த ஆத்தாக்காரிக்குக் குரல் குடுத்தது வெர்னா ஃபெல்டன். புறணி பேசுற யானைக் கூட்டத்துக்குத் தலைவியா ஒருத்தி இருக்காளே, அவளுக்கும் அதே வெர்னா ஃபெல்டன்தான். குட்டியத் தூத்துற குரலும் கும்பிட்டுப் பேரு வைக்கிற குரலும் ஒரே தொண்டையில இருந்து வருது. நம்ம தெருவுலயும் அப்படி ரெண்டு பேரு இருக்காங்க, பேரு சொன்னா உங்க ஆச்சி கோவிச்சுக்கிடுவா.

பேசாத நாயகன வச்சு எப்படிப் படத்த ஓட்டுறதுன்னு கேப்ப. அதுக்கு ஆளு வேணும்ல. பில் டைட்லான்னு ஒருத்தர். உக்ரேன்ல இருந்து பொழைக்கப் போன குடும்பத்துப் புள்ள. அதுக்கு முந்தி அவரு வரஞ்சதுல ரெண்டு என்னன்னு நெனைக்க? பினாக்கியோவுல பொம்மலாட்டக்காரன் ஸ்ட்ராம்போலி, ஃபேன்டேசியாவுல மலை உச்சியில ரெக்கைய விரிச்சு நிக்கிற பேய். ரெண்டும் ராட்சசன், ரௌத்திரம். அந்தக் கை போய் யானைக்குட்டி வரஞ்சுருக்கு. வீட்டுல தவழ்ந்து வெளையாடுற சொந்த மவனப் பாத்துப் பாத்துத்தான் வரஞ்சாராம். குளிப்பாட்டுற கட்டத்த மட்டும் சத்தம் வைக்காமப் பாரு. ஆத்தா தேய்ச்சு விடுதா, குட்டி வழுக்கிட்டு ஓடி அவ கால் நடுவுல ஒளியுது, பாக்காதவ மாதிரி அவளும் நிக்கா. காது நீளமா இருக்கதால தானே மிதிச்சுத் தடுக்கிக்கிடும். ஒரு யானையும் அப்படிச் செய்யாது. ஒன்றரை வயசுப் புள்ள செய்யும். பொறவு ஆத்தாவ வண்டிக் கூண்டுக்குள்ள சங்கிலி போட்டுப் பூட்டிருவானுங்க. கம்பிக்கு வெளிய துதிக்கை மட்டும் எட்டும், அதுலயே தொட்டில் கட்டித் தூக்கிக் குட்டிய ஆட்டுவா. அங்க ஒரு தாலாட்டு வருது பாரு, கொட்டகையில அழாம உக்காந்திருந்தவன் இருந்தான்னா அவனுக்கு டிக்கெட் காச வட்டியோட திருப்பிக் குடுத்துறலாம்.

நீ வரஞ்சு காட்டுன யானைக்கு முடி தனித்தனியாத் தெரியுதுன்னு பெருமப்பட்ட. அதே நேரத்துல அந்த ஸ்டூடியோவுல இன்னொரு கூட்டம் ‘பாம்பி’ மானுக்காக உசுரோட மான்குட்டிகளையே கொண்டாந்து கட்டி வச்சு வருசக் கணக்கா வரஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அது அழகான படந்தான், இல்லங்கல. ஆனா அது 1942-ல வந்து சேருததுக்குள்ள டம்போ போட்ட காசையே எடுத்துட்டு வந்துட்டான். இவனுங்க பண்ணுனது எல்லாத்தையும் கொறச்சது. உருவமெல்லாம் உருண்டை உருண்டையா, ஆளப் பாத்தா ஒரு கோட்டுல சொல்லிரலாம். பின்னணிக்கு வாட்டர் கலர், பினாக்கியோவுக்குப் போட்ட மாதிரி அடுக்கடுக்கான கனத்த சாயமில்ல. குட்டிக்குப் போதை ஏறி இளஞ்சிவப்பு யானைங்க ஆடுற கட்டம் இருக்கு, ஊர் ஒலகமே அதப் பத்திப் பேசுது. பின்னால என்ன இருக்குன்னு பாத்தியா? பெரும்பாலும் வெறும் கறுப்பு. ஒரு மரங்கூட வரையல. அந்தக் கறுப்புல யானை நீளுது, சுருங்குது, துதிக்கை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போவுது, கோடு மாறுனா உருவமே வேற. காசில்லாதவன் கையில கறுப்பு மையி எம்புட்டுப் பெரிய சொத்துன்னு அதப் பாத்தாத் தெரியும்.

காசு செலவழிக்க வேண்டிய எடத்துல மூளையச் செலவழிச்சதுக்கு எனக்குப் பிடிச்சது அந்த சர்க்கஸ் ரயிலு. எஞ்சின் மூச்சு வாங்கிக்கிட்டே மேடு ஏறும்போது பேசும். சோனோவாக்ஸ்னு ஒரு கருவி. ரெண்டு குட்டி ஸ்பீக்கரத் தொண்டைக்கு ரெண்டு பக்கமும் அழுத்தி வச்சு, அதுல எஞ்சின் சத்தத்த விடுவாங்க. ஆளு தன் தொண்டையிலிருந்து சத்தமே போடாம வாய மட்டும் அசைச்சாப் போதும், எஞ்சினே வார்த்தையா வெளிய வரும். சவுண்டு பாக்ஸோட குடும்பம் நடத்துன எனக்கே இது தோணல.

மொத்தம் 64 நிமிசம். படத்த வாங்கி விக்கிற ஆர்.கே.ஓ. கம்பெனிக்காரன் இன்னும் கொஞ்சம் நீட்டுங்கன்னு கேட்டிருக்கான். டிஸ்னி முடியாதுன்னுட்டாரு. செலவு பத்து லட்சம் டாலருக்கும் கீழ, லாபமும் பாத்தாச்சு. ஃபிராங்க் சர்ச்சிலும் ஆலிவர் வாலசும் இசைக்கு ஆஸ்கார் வாங்குனாங்க. டைம் பத்திரிகைக்காரன் டம்போ படத்த அட்டையில போடதா இருந்தான், அந்த டிசம்பர்ல ஜப்பான்காரன் பேர்ல் ஹார்பர்ல குண்டு போட்டதால அட்டை மாறிப் போச்சு. யானைக்குட்டி உள்பக்கத்துக்குப் போயிருச்சு.

இம்புட்டுக் கேட்டதும் உனக்குக் குஷி வந்திருக்குமே. கொறச்ச காசு, கொறச்ச சாயம், கொறச்ச நேரம், அப்ப ஆளுக்கும் கொறச்ச சம்பளம்னு கணக்குப் போட்டுருப்ப. இருல, இனிமேத்தான் கதையே.

அந்த ஸ்டூடியோவுல பெரிய வரைகாரனுக்கு வாரத்துக்கு 300 டாலர் வரைக்கும் உண்டு. கீழ உக்காந்து கோடு இழுக்கிறவனுக்கும் சாயம் பூசுற பொம்பளப் புள்ளைங்களுக்கும் 12, 15-னு நின்னுரும். சங்கம் வைக்கணும்னு கெளம்புனாங்க. ஆர்ட் பாபிட்னு ஒருத்தர், நல்ல சம்பளக்காரர், அவரே கீழ இருக்கவங்க பக்கம் போய் நின்னாரு. அவர வேலைய விட்டுத் தூக்குனாங்க. மறுநாள், 1941 மே 29, வாசல்ல மறியல். நூத்துக்கணக்கான பேரு அட்டையத் தூக்கிட்டு நிக்காங்க. வரையுறவங்க இல்லா, அட்டை ஒவ்வொண்ணும் கண்ணப் பறிக்கும். உள்ள டம்போ பாதி வேகுது. வெளிய நின்னவங்கள்ல யாரு இருந்தாங்கன்னு கேளு. பில் டைட்லா. சம்பளத்துல உச்சியில இருந்தவரு, யானைக்குட்டிக்கு உசுரு குடுத்தவரு. சிநேகிதனுங்கள விட்டுட்டு உள்ள போக மனசு வரல. முதலாளி என்ன பண்ணுனாரு? ஆகஸ்டுல தென்னமெரிக்காவுக்கு விமானம் ஏறிட்டாரு. பஞ்சாயத்த வேற ஆளுங்க பேசி முடிச்சு சங்கத்துக்கு அங்கீகாரம் குடுத்தாங்க. அக்டோபர் 23 அன்னைக்குப் படம் வந்துச்சு.

அந்தப் படத்துல கோமாளிங்க கூட்டம் ஒண்ணு, ஆட்டம் முடிஞ்சு கூடாரத்துக்குள்ள வேசங் கலைச்சுக்கிட்டே முதலாளிகிட்டப் போய்ச் சம்பளம் ஒசத்திக் கேப்போம்னு பாடிட்டுப் போவும். அது வெளிய நின்னவங்களக் குத்திக் காட்டுனதுதான்னு அப்பருந்தே பேச்சு. சோறு கேட்டவனுக்குக் கோமாளி வேசம்! இன்னொண்ணும் கவனிச்சுக்க. மழையில விடிய விடிய சர்க்கஸ் கூடாரம் அடிக்கிற ஆளுங்க வருவாங்க, அம்புட்டுப் பேரும் கறுப்பு சனங்க. ஒருத்தருக்கும் மூஞ்சி வரையல. அவங்க பாடுற பாட்டே அவங்கள எளக்காரம் பண்ணுது. கடைசியில குட்டிக்கு எறகு ஒண்ணக் குடுத்து, இத வச்சுக்கிட்டுப் பறன்னு தைரியம் சொல்லுறது காக்காக் கூட்டம். அதுங்களும் கறுப்பு சனங்களக் கேலியா வரஞ்ச உருவந்தான். மத்த காக்காவுக்கெல்லாம் ஹால் ஜான்சன் குழுவுல இருந்த கறுப்புப் பாடகருங்க குரல் குடுக்க, தலைக் காக்காவுக்கு மட்டும் வெள்ளைக்காரர், கிளிஃப் எட்வர்ட்ஸ். எலிய விட்டா, கேலி பண்ணுனதுக்கு வருத்தப்பட்டு அந்தக் குட்டிக்கு ஒதவுன கூட்டம் அது ஒண்ணுதான். அதுக்குக் கெடச்ச மரியாத அம்புட்டு. 2019-ல திரும்ப எடுத்தப்போ காக்காவையே தூக்கிட்டாங்க. எனக்கு அதுவும் சரியாப் படல, ஒதவுனவனக் கதைய விட்டே தொரத்துனது மாதிரி இருக்கு.

டைட்லா மறியலுக்குப் பொறவு திரும்பி வந்தாரு, ஆனா பழைய மூஞ்சி இல்ல. 1943-ல வெளிய போயிட்டாரு. அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒரு குட்டி அவருக்கு வாய்க்கவே இல்ல. கதைய எழுதுன ஹெலன் ஆபர்சன் 1999 வரைக்கும் உசுரோட இருந்தாங்க. டம்போவ யாரு உண்டாக்குனான்னு தெருவுல எவனக் கேட்டாலும் டிஸ்னிம்பான்.

அந்தா, உங்க ஆச்சி கண்ணாடியோட வாரா. மொகத்த அப்படி வைக்காதல, கையெழுத்துப் போடத்தான் போறேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு காயிதம் காட்டு. கதையும் வேண்டாம், அந்த முடி தெரியுற யானையும் வேண்டாம். சென்னையில உங்கூட ராத்திரி முழிச்சு வரையுதானுங்களே, அந்த நாலஞ்சு பயலுவ, அவனுங்களுக்கு மாசம் எம்புட்டுக் குடுக்கதா எழுதி வச்சிருக்க? எழுதவே இல்லியா?