ந.க. எண் இல்லாத ஏரிகள்

அனுப்புநர்: உங்கள் வரைபடத்தை நம்பி வேலை எடுத்த ஒப்பந்தப் பணியாளர்.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், வரைபடப் பிரிவு. (துறையின் பெயரைப் போடவில்லை. எந்தத் துறையில் படித்தாலும் தங்களுக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.)

பொருள்: ஏரிகள் – கணினியில் காணாமற்போனது – மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ‘நியூ ஃபோல்டர் (3)’. 2. ‘ஏரி_ஃபைனல்_புதுசு’. 3. ‘ஏரி_ஃபைனல்_புதுசு_இதுதான்’.

ஐயா,

உங்கள் அலுவலகத்தில் தேதி போடாத மனுவைத் தபால் பிரிவு தொடாது. தொட்டால் ந.க. எண் போடாமல் விடாது. பதிவறையில் பழைய கட்டு ஒன்றைக் கேட்டால், தூசி தட்டித் துணியை அவிழ்த்து எடுத்துத் தந்துவிடுகிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். அதே ஆட்கள் கணினி முன்னால் உட்கார்ந்ததும் எப்படி இத்தனை விடுதலை பெற்றுவிடுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

ஏரி வரைபடத்தின் க்யூஜிஐஎஸ் மென்பொருள் திட்டக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுத் தந்தார்கள். திறந்தால் வரைபடம் வரவில்லை, காணாமற்போன அடுக்குகளின் பட்டியல் வந்தது. வரிக்கு வரி ஒரே முகவரி: சி டிரைவ், யூசர்ஸ், ஓர் அலுவலரின் பெயர், டெஸ்க்டாப். விசாரித்தேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். திட்டக் கோப்புக்குள் ஏரி இருக்காது, ஐயா. ஏரி எங்கே கிடக்கிறது என்ற முகவரியும் அதற்கு என்ன நீலம் பூசுவது என்ற குறிப்புமே இருக்கும்.

தரவையும் கேட்டேன். மறுநாளே மின்னஞ்சலில் எஸ்.எச்.பி. கோப்பு வந்தது, தன்னந்தனியாக. ஷேப்ஃபைலுக்குக் குறைந்தது மூன்று கோப்புகள் வேண்டும்: வடிவத்துக்கு எஸ்.எச்.பி., வரிசைக்கு எஸ்.எச்.எக்ஸ்., ஏரியின் பெயர், பரப்பு போன்ற விவரங்களுக்கு டி.பி.எஃப். மன்றாடியபின் மூன்றும் வந்தன. ஆயத்தொலை முறையைச் சொல்லும் பி.ஆர்.ஜே. மட்டும் வரவில்லை. ‘அது சின்னக் கோப்பு சார், இல்லாவிட்டாலும் ஓடும்’ என்றார்கள்.

ஓடும்தான். எங்கே ஓடும் என்பதுதான் கேள்வி. தமிழகம் இரண்டு யூடிஎம் ஆயத்தொலை மண்டலங்களில் கிடக்கிறது. 78 பாகை தீர்க்கக்கோட்டுக்கு மேற்கே 43, கிழக்கே 44. திருச்சி 44-இல் வரும். யாராவது குத்துமதிப்பாக 43 என்று தட்டினால் ஊர் ஆறு பாகை மேற்கே நகர்ந்து, லட்சத்தீவில் கவரத்திக்குப் பக்கத்தில் போய் இறங்கும். உய்யகொண்டான் வாய்க்காலை அரபிக்கடலில் தூர்வார நான் டெண்டர் எடுக்கவில்லை.

ஆகவே கோருவது: ஒரு வேலைக்கு ஒரே ஃபோல்டர், அதன் பெயர் அந்த வேலையின் ந.க. எண். உள்ளே மூலத் தரவு தனி, அதில் யாரும் கைவைக்கக் கூடாது. திருத்துவது தனி, அச்சுக்குப் போவது தனி. ‘ஃபைனல்’ என்ற சொல்லுக்குத் தடை, பதிலாகத் தேதி. ஆண்டு முதலில் வரட்டும், வரிசை தானாக அமையும். ஷேப்ஃபைல் கூட்டத்தை மேய்க்க முடியாவிட்டால் ஜியோபேக்கேஜ் இருக்கிறது, எல்லா அடுக்கும் ஒரே கோப்பில் அடங்கும். திட்டக் கோப்பும் தரவும் ஒரே டிரைவில் இருந்து, பாதைகளைச் சார்பு முறையில் சேமித்தால் ஃபோல்டரை அப்படியே எந்தக் கணினிக்கும் தூக்கிப் போகலாம்.

இவற்றுக்கு அரசாணை தேவைப்படுமெனில், இடைக்கால ஏற்பாடாக மேற்படி அலுவலரின் மாற்றல் ஆணையை ரத்து செய்து, அவரையும் அவர் டெஸ்க்டாப்பையும் பழைய மேசைக்கே திருப்பி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரியைத் தேடும் மனுதாரர்