கமிஷன் இல்லாத மண்டி

வாய்யா மாப்ளே, வா. மொதலாளி ஆயிட்டியாமே! அக்கா சொல்லுச்சு. சிப்காட்டுப் பக்கம் ஷெட்டு வாடகைக்குப் புடிச்சு ரெண்டு சிஎன்சி மெஷினு எறக்கிட்டியாம். கவர்மென்ட்டு ஆபீசரு மாதிரி கையில ஃபைலு வேற. உக்காரு, கட்டிலு தாங்கும்.

என்ன கேட்ட? மாசக் கட்டணமே இல்லாத கரண்ட் அக்கவுண்ட் எந்த பேங்க்ல இருக்குதுன்னா? ஆடிட்டர்கிட்ட கேட்டா ஃபீஸ் கேப்பாரு, மாமன்கிட்ட கேட்டா மோரு கிடைக்கும்னு வந்துட்ட. புத்திசாலி.

நாப்பது வருசமா ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏத்துனவன் நானு. அங்க கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. "கமிஷனே இல்ல, எங்ககிட்ட வா"ன்னு ஒருத்தன் கூப்பிட்டா, அவன் மூஞ்சியப் பாக்காத, தராசப் பாரு. நீ அந்தக் கண்ணாடிக் கதவு பேங்க்ல ஏசிக் காத்து வாங்கிக்கிட்டு, மேசை மேல இருந்த மிட்டாயச் சப்பிக்கிட்டு, டை கட்டுன பையன் சிரிச்ச சிரிப்பையே பாத்துட்டு வந்திருக்க. தராசு எங்க இருக்குதுன்னு கேட்டியா?

நம்ம நாட்டுல நெறைய பேங்க்ல மாசக் கட்டணம்னு தனியா ஒண்ணு கிடையாதுடா. கட்டணத்துக்குப் பேரு 'சராசரி இருப்பு'. இவ்வளவு பணம் கணக்குல தூங்கணும். தூங்கலன்னா அபராதம், அபராதத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அபராதம் 500 ரூபான்னு வெச்சுக்க, கையை விட்டுப் போறது 590. குதிரை கீழ தள்ளுனதும் பத்தாம குழியும் பறிச்ச கதை. சரி, தூங்க வெச்சா வட்டி கிடைக்குமான்னா, கரண்ட் அக்கவுண்ட்டுக்கு வட்டி கிடையாது. 25,000 ரூபாய வருசம் பூரா படுக்கப் போட்டுட்டு, அந்தப் பக்கம் 12 சதவீதத்துக்கு மெஷின் லோன் கட்டுறன்னா, வருசத்துக்கு 3,000 ரூபா நீயே கரைக்கிற. மாசம் 250. இதத்தான் நீ 'கட்டணமே இல்ல'ன்னு அக்காகிட்டப் பெருமை பீத்திக்கிட்ட.

நியூஸ்ல பாத்தேன்னு சொல்லுவ. தெரியும்டா, நானும் டீக்கடையில பேப்பர் படிக்கிறவன்தான். 2025 ஜூன் 1-ல இருந்து கனரா பேங்க் மினிமம் பேலன்ஸ் அபராதத்த எடுத்துடுச்சு, ஜூலை 7-ல இருந்து இந்தியன் பேங்க்கும் எடுத்துடுச்சு. ஆனா அது சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு. உன் கடைப் போர்டுல இருக்கிற பேருக்குச் சேவிங்ஸ் தர மாட்டாங்க. உன் சொந்த சேவிங்ஸ்லயே கம்பெனிப் பணத்த வாங்கிக்கிறேன்னு குறுக்குப் புத்தி ஓடுமே, ஓடட்டும். ஒரு நாள் மேனேஜரு கூப்பிட்டுக் கேப்பாரு, "என்ன தம்பி, அத்திப்பள்ளி கம்பெனியில இருந்து மாசம் மூணு லட்சம் வருதே, சம்பளமா?"ன்னு. அப்ப நீ திருதிருன்னு முழிக்கிறத நான் கூட வந்து பாக்கணும்.

சரி, கிட்ட வா. கணக்கு ஒண்ணு சொல்றேன், உங்க காலேஜ்ல சொல்லியிருக்க மாட்டாங்க.

சராசரின்னா என்ன? ஒவ்வொரு நாளும் கணக்கு முடியிறப்ப இருக்கிற பணத்தக் கூட்டி, நாளு எத்தனையோ அதால வகுக்கிறது. பகல்ல எவ்வளவு வந்துச்சு போச்சுன்னு அதுக்குக் கவலையே இல்ல. எந்த மாடு ராத்திரி கொட்டாய்ல கட்டியிருக்குதுன்னு மட்டும்தான் எண்ணும். இப்ப உன் கணக்குல 1-ம் தேதியில இருந்து 6-ம் தேதி வரைக்கும் 1,20,000 ரூபா இருக்குது. 7-ம் தேதி சாயங்காலம் ரவுண்ட் பார் வாங்குன ஸ்டீல் கடைக்காரருக்கு 1,19,000-த்த அனுப்பிட்டு, கடன முடிச்சுட்டோம்னு காலரத் தூக்கி விட்டுக்கிட்டு பரோட்டா திங்கப் போயிடுற. மிச்சம் 1,000, அது மாசக் கடைசி வரைக்கும் அப்படியே கெடக்குது. கூட்டிப் பாரு. 7,44,000. முப்பதால வகுத்தா 24,800. பேங்க் கேட்டது 25,000. இருநூறு ரூபா கொறைஞ்சதுக்கு 590 ரூபா போச்சு.

அதே பணத்த 8-ம் தேதி காலையில காப்பி குடிச்சுட்டு அனுப்பியிருந்தா? சராசரி 28,766. ஒரே ஒரு ராத்திரிடா! NEFT இப்ப 24 மணி நேரமும் ஓடுது, 2019 டிசம்பர்ல இருந்து. அவசரப்பட வேண்டிய வேலையே இல்ல. ஆனா இந்தத் தந்திரத்த ஆளுங்க சம்பளத்துல காட்டாத. 7-ம் தேதி சம்பளம் 7-ம் தேதியே போகணும். அந்தப் பசங்களுக்கும் வாடகை இருக்குது.

இன்னொண்ணு. மாசச் சராசரியா, மூணு மாசச் சராசரியான்னு கேளு. மூணு மாசம்னா உனக்கு நல்லது. ஒரு மாசம் வறண்டாலும் அடுத்த மாசம் பில்லு வந்தா ஈடு கட்டிடும். உன் தொழில்ல பணம் மாசா மாசமா வருது? நீ நட்டு, போல்ட்டு, புஷ்னு கடைஞ்சு குடுப்ப. உன்கிட்ட வாங்குறவன் பெரிய கம்பெனிக்குக் குடுப்பான். அந்தப் பணம் ஜூஜூவாடி எல்லையத் தாண்டி இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள உனக்குத் தாடி முளைச்சுடும். 45 நாளுக்குள்ள குடுக்கணும்னு 2006-ல இருந்தே சட்டம் இருக்குது. குடுக்கலன்னா அந்தச் செலவ அந்த வருசக் கணக்குல கழிக்க முடியாதுன்னு 2024 ஏப்ரல்ல வருமானவரிக்காரங்களும் சேந்து புடிச்சாங்க. அந்தச் சட்டம் உனக்கு வேணும்னா மொதல்ல உத்யம் பதிவு பண்ணு. அதுக்குக் காசே கிடையாது. ரெண்டாயிரம் குடு, பண்ணித் தர்றேன்னு வர்றவனுக்கு மோரு மட்டும் குடுத்து அனுப்பு. அக்கவுண்ட் தொறக்கிறப்பவும் அந்தச் சர்டிபிகேட்டையும் ஜிஎஸ்டி சர்டிபிகேட்டையும்தான் கேப்பாங்க.

இப்ப 'ஜீரோ பேலன்ஸ் கரண்ட் அக்கவுண்ட்'டுக்கு வருவோம். இருக்குதுடா, இல்லன்னு சொல்லல. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதன்னு உங்க தாத்தா சொல்லுவாரு. நல்ல மனுசன், பாவம், மூணு கெழட்டு மாடு வெச்சிருந்தாரு. நீ பல்லப் பாரு. ஜீரோ எத்தனை மாசத்துக்கு? சில எடத்துல மொத வருசம் ஜீரோ, அப்பறம் அந்த ஜீரோவக் காணோம். சில எடத்துல மாசம் இத்தனை லட்சம் QR வழியா வந்தாத்தான் ஜீரோ. சில எடத்துல ஒரு பெரிய ஃபிக்சட் டெபாசிட்ட அடகு மாதிரி வெச்சாத்தான் ஜீரோ. பணம் வந்துச்சுன்னு கத்துற பொட்டிக்கு வாடகை தனி. செக் புக்குல தாளுக்குத் தாள் காசு. மாசத்துக்கு இவ்வளவுதான் ரொக்கம் கட்டலாம், மேல போனா ஆயிரத்துக்கு இவ்வளவு. அதுவும் உன் சொந்தக் கிளையில ஒரு ரேட்டு, வேற கிளையில இன்னொரு ரேட்டு. சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதனால உன் பணம் எந்த ரூபத்துல வருதுன்னு மொதல்ல பாரு. நீ ஜாப் ஒர்க் பண்றவன், ரொக்கமே வராது, எல்லாம் NEFT, எப்பவாவது செக்கு. உனக்கு ரொக்கம் கட்டுற கட்டணம் எவ்வளவா இருந்தா என்ன? ஆனா பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேக்கரி வெச்சிருக்கிற உன் சித்தப்பன் உன்னப் பாத்து அதே அக்கவுண்ட்டத் தொறந்தா தலையில துண்டு. போச்சம்பள்ளிச் சந்தையில மாடு புடிச்ச கையோட ஜல்லிக்கட்டுக்கு எறங்குனவன் கதை ஆயிடும்.

லோனு குடுத்த பேங்க்கிட்டயும் ஒரு வார்த்தை கேளு. கடன் ஒரு பேங்க்ல, வரவு இன்னொரு பேங்க்லன்னு பெரிய மனுசங்க ஆடுன ஆட்டத்துக்கு 2020 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் கடிவாளம் போட்டுச்சு. உன்ன மாதிரி சின்ன ஆளுக்கு விலக்கு இருக்குது, ஆனா எழுதிக் குடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. நாளைக்குச் சிசி லிமிட், அதான் கேஷ் கிரெடிட் கடன், கிடைச்சா இந்த ஆராய்ச்சியே வேணாம். வர்ற பணம் அந்தக் கணக்குல விழுந்தா அன்னைக்கு ராத்திரியே வட்டி கொறையும்.

எங்க காலத்துல பிக்மிக்காரர் சைக்கிள்ல வருவாரு. உடுப்பிக்காரங்க ஆரம்பிச்ச சிண்டிகேட் பேங்க் 1928-ல ரெண்டணாவுக்குத் தொடங்குன சேமிப்புதான் பிக்மி. வீட்டு வாசல்ல நின்னு காச வாங்கி, நமக்காகச் சேத்து வெப்பாங்க. இப்ப எங்க வாசலுக்கு யாரும் வர்றதில்ல, காசு மட்டும் தானா போகுது. அந்த பேங்க்கும் 2020 ஏப்ரல்ல கனராவுல கரைஞ்சு போச்சு. அதே வருசம் நவம்பர்ல லட்சுமி விலாஸ் பேங்க்ல 25,000-த்துக்கு மேல எடுக்க முடியாதுன்னு கட்டுப் போட்டாங்களே, ஞாபகம் இருக்குதா? பத்து நாள்ல டிபிஎஸ் கையில போயி எல்லாம் சரியாச்சு. ஆனா அந்தப் பத்து நாள்ல எவனாவது 'மாசக் கட்டணம் எவ்வளவு?'ன்னு கேட்டிருப்பானா? எந்த பேங்க் ஆனாலும் இன்சூரன்ஸ் 5 லட்சம் வரைக்கும்தான், கரண்ட் அக்கவுண்ட்டையும் சேத்து. அதுக்கு மேல மொத்தத்தையும் ஒரே பானையில போட்டு வெக்காத.

என்ன, எழுதிக்கிறியா? எழுது, எழுது. நாளைக்கு அந்தப் பையன்கிட்ட சார்ஜ் பட்டியல் மொத்தத்தையும் காகிதத்துல கேளு. நட்சத்திரக் குறி எங்க போட்டிருக்குதோ அங்க நெறுத்திப் படி. ஒரு வருசத்துக்குள்ள மூடுனா எவ்வளவுன்னும் கேளு. எனக்கு ஒரு தடவை அது நடந்துச்சு. கணக்க மூடப் போனவன்கிட்ட மூடுறதுக்குக் காசு கேட்டாங்க. கல்யாணத்துக்கு வந்த மாதிரி மொய் வெச்சுட்டு வந்தேன்.

எத்தனை மணிக்குக் கெளம்புற? பத்தரையா? வண்டியில என்னையும் ஏத்திக்க. உனக்காக இல்லடா. வெயிலு இப்பவே மண்டையப் பொளக்குது, அங்க ஏசி நல்லா இருக்குது. மிட்டாய்க் கிண்ணத்த மட்டும் என் பக்கமாத் தள்ளி வெய்யி.