சேந்தமங்கலத்துக்கு எப்போது பஸ்?

டி-ஷர்ட்டின் நிறம் நீலமா, வெள்ளையா என்று இன்று காலை வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு. விமான டிக்கெட் எடுக்கவில்லை, தேதி முடிவாகவில்லை, பஸ் பேசவில்லை. முதுகில் என்ன வாசகம் போடுவது என்பதில் மட்டும் அதற்குள் நாலு கட்சி. ஓட்டுப் போடாதவர்கள் பட்டியலை அட்மின் தனியாகப் போட்டு, என் பெயருக்கு நேரே மூன்று கேள்விக்குறி வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் சேந்தமங்கலம் என் ஊரே இல்லை. 1950-களில் கேரளத்திலிருந்து இஸ்ரேலுக்குக் கிளம்பிப்போன கொச்சி யூதர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் தங்கள் பூர்வீகமான சேந்தமங்கலத்தைப் பார்க்கக் கூட்டமாக வருவதற்கான ஏற்பாடு. நெவாட்டிமில் பத்துப் பேர், மெசிலாத் சியோனில் பத்துப் பேர், மற்றவர்கள் அங்கங்கே. என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர் அவர்களில் ஒருவர். 'நீ பக்கத்தில்தானே இருக்கிறாய்' என்று என்னையும் இழுத்துப் போட்டுவிட்டார். நான் இருப்பது கோயம்புத்தூரில். டெல் அவிவிலிருந்து ஜெருசலேமுக்கு அறுபது சொச்சம் கிலோமீட்டர். அதையே பயணம் என்று சொல்லிக் கையில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போகிறவர், கொச்சிக்கும் எனக்கும் நடுவே உள்ள 190 கிலோமீட்டரைப் பக்கம் என்கிறார்.

"ஏனுங்க, அவங்க ஊரைப் பாக்க அவங்க வர்றாங்க. நீங்க எதுக்குங்க பஸ்சுக்காரன்கிட்ட பேரம் பேசிட்டு இருக்கறீங்க?" என்கிறாள் மனைவி. குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடிக்கும்போது அவள் தம்பிமார் பண்ணும் அழிச்சாட்டியத்தை நான் எப்போதாவது கேட்டிருக்கிறேனா?

சேந்தமங்கலம் ஜெப ஆலயத்தின் முன்னால் ஒரு கல்லறைக்கல் நிற்கிறது. இஸ்ரவேலின் மகள் சாராவுடையது, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தக் கல்லைப் பற்றி ஒரு விஷயம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குமுன் தேதிப் பஞ்சாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை, ஆகஸ்டில் இஸ்ரேலில் பள்ளி விடுமுறை. எல்லோருக்கும் வசதி. ஆனால் கேரளத்தில் மழை கொட்டும். மழை பரவாயில்லை என்று ஒரு கோஷ்டி கிளம்பியதும், அது திஷா பாவ் துக்க நாளுக்கு முந்தைய மூன்று வாரம், உல்லாசப் பயணம் கூடாது என்றார் ஒரு பெரியவர். இது உல்லாசமா, கடமையா என்று ஒரு வாரம் ஓடியது. செப்டம்பர், அக்டோபரில் வரிசையாக ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத். அது முடிந்ததும் சிம்கத் தோரா. கொச்சிக்காரர்கள் விமரிசையாகக் கொண்டாடுவது. அதை விட்டுவிட்டு ஊரைப் பார்த்து என்ன பயன்? நவம்பரில் துலாவர்ஷம். டிசம்பரில் ஹனுக்கா விடுமுறை உண்டு. ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் ஃபோர்ட் கொச்சியில் அம்மும். அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். ஜனவரி, பிப்ரவரிதான் அருமையான பருவம். அப்போது பள்ளிக்கூடம். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் வரலாமே என்றேன். 'ஹனுக்கா முடிந்த கையோடு பஸ்கா வேலையை ஆரம்பித்துவிட வேண்டாமா? கொச்சியில் எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள்' என்று பதில் வந்தது. மூன்று மாதம் வீடு கழுவுகிறவர்களிடம் என்ன பேசுவது? மார்ச்சில் பூரிம். ஏப்ரலில் பஸ்கா. பஸ்காவைச் சேந்தமங்கலத்திலேயே கொண்டாடலாம் என்று ஒரு பேரன் யோசனை சொன்னான். உடனே சோறு சாப்பிடலாமா என்ற சண்டை. கொச்சி வழக்கப்படி பஸ்காவில் அரிசி உண்டு. போலந்து வம்சத்திலிருந்து வந்த மருமகளுக்கோ அது ஆகாது. பஸ்காவில் புளித்தது கூடாதே, புளித்த அரிசிமாவில் சுட்ட ஆப்பம் எந்தக் கணக்கில் சேரும் என்று என்னைக் கேட்டார்கள். கடலைக்கறி கணக்கில் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பஸ்காவுக்குப் பிறகு ஷவுவோத் வரை 49 நாள் எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் ஜூன். கேரளத்தில் குடை விரித்தாயிற்று.

சரி, அடுத்த வருஷம் இதே தேதிகளைப் பார்க்கலாம் என்றால் அடுத்த வருஷம் இதே தேதிகள் வராது. நம் சந்திரமானப் பஞ்சாங்கங்களில் அதிக மாதம் வருவது மாதிரி அவர்களுக்கும் உண்டு. 19 ஆண்டுகளில் 7 முறை அதார் மாதம் இரண்டாக வந்து எல்லாப் பண்டிகையையும் பின்னுக்குத் தள்ளும். இதற்கென்றே ஒருவர் வண்ணம் தீட்டிய அட்டவணை தயாரித்து அனுப்பினார். சிவப்பு என்றால் பண்டிகை, நீலம் என்றால் மழை, மஞ்சள் என்றால் பரீட்சை. வெள்ளைக் கட்டம் ஒன்றுகூட இல்லை. அதற்கு இருபத்தேழு பேர் இதயக்குறி போட்டார்கள். நடுவில் போர் வந்து விமானங்கள் நின்றன. குழு ஒருநாளும் நிற்கவில்லை.

கல்லுக்கு வருகிறேன். வருவதற்குள் பத்தாவது ஆள் குறுக்கே நிற்கிறார். கல்லறையில் கூட்டுப் பிரார்த்தனை சொல்ல வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் நிச்சயம் என்றார்கள். பத்தாவது மாமா, 'பார்க்கலாம்'. அவருடைய வாதம் வேறு. மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்பகுதி பெயர்த்து வரப்பட்டு 1995 முதல் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், இதற்கு எதற்கு விமானம்?' மட்டாஞ்சேரியில் மிச்சமிருந்த கட்டடமும் 2019-இல் பாதி சரிந்துவிட்டது. மனிதர் சொல்வதில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். கடைசியில் பதின்மூன்று வயது நிரம்பிய ஒரு பேரன் கணக்கில் சேருவான் என்று கண்டுபிடித்தார்கள். பயல் விவரமானவன். ஜன்னல் சீட்டும் புது ஃபோனும் கேட்கிறான்.

முன் சீட்டுக்கு இன்னொருவர் மனுப்போட்டிருக்கிறார். சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் வெட்டிக்கொடுத்த செப்பேட்டில் 72 உரிமைகள் உண்டாம். பல்லக்கு, குடை, பகல் விளக்கு எல்லாம் தந்தவன் டிரைவர் பக்கத்துச் சீட்டைத் தரமாட்டானா என்கிறார்.

போன வாரம் ஒருவர் வரைபடத்தில் ஊரைக் குறித்து அனுப்பினார். பின்னால் மலை, பச்சைப்பசேல். 'தாத்தா சொன்ன மலை இதுவேதான்' என்று ஒரு அத்தை கண்ணீர்க்குறி போட்டார். தொட்டுப் பார்த்தேன். நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம். மலை, கொல்லிமலை. தமிழ்நாட்டில் அதே பெயரில் வேறு ஊர் உண்டு என்று எழுதினேன். 'அதையும் வழியில் பார்த்துவிடலாமா?' என்றார்கள்.

இந்த அமளிக்கு நடுவே ஒரு பாட்டியம்மா மலையாளத்தில் குரல்பதிவு போட்டிருந்தார். சின்னப் பெண்ணாகக் கப்பல் ஏறியவர். பேரப்பிள்ளைகள் யாருக்கும் மலையாளம் வராது. பாலக்காட்டுப் பக்கம் சம்பந்தம் வைத்த பாவத்துக்கு எனக்குப் புரிந்தது. 'பெண்கள் மாடத்துக்கு ஏறும் மரப்படி இப்போதும் இருக்கிறதா? மாடத்திலேயும் ஒரு மேடை உண்டே, அங்கே நின்று வாசிப்பார்கள், நாங்கள் அழிக்குப் பின்னாலிருந்து கேட்போம், அது இருக்கிறதா?' இவ்வளவுதான் கேள்வி. அதன் கீழே கட்டைவிரல் குறி ஒன்பது, அப்புறம் பஸ்ஸில் கழிப்பறை வேண்டுமா என்று நூற்றுச் சொச்சம் செய்தி. இருக்கிறது அம்மா, மேடை இருக்கிறது என்று நான் எழுதிய பதில் அந்தக் கழிப்பறைக்குள் போனது போனதுதான்.

மத்தியானம் ஒரு அதிசயம் நடந்தது. சனிக்கிழமை ஓய்வுநாள், வண்டி ஏறக்கூடாது. வெள்ளி அரைநாள். ஞாயிறு களைப்பு. ஆகவே என்றைக்கு வந்தாலும் சரி, சேந்தமங்கலம் ஜெப ஆலயத்துக்குத் திங்கட்கிழமைதான் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்துவிட்டது. பார்க்கலாம் மாமாகூடக் கைதூக்கிவிட்டார். அட்மின் அதைத் தடித்த எழுத்தில் போட்டு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

அந்த ஜெப ஆலயம் இப்போது அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை. நானாகச் சொல்லப்போவதில்லை.